நடுஹாலில் வந்த புகை

வேலையை முடித்து, வீட்டுக்காரருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற நாளில், என்னிடம் வேலை பார்க்கிற இளம் இன்ஜினியர்கள் நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறீர்கள். நன்றாக அமைந்த ஜன்னல் முன்னால் கால் மணி நேரம் நிற்கிறீர்கள். சரியாக மூடாத கதவு வந்தால் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மாடியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறீர்கள். நான் குற்றம் சொல்லவில்லை. முதுகு சாய்ப்பதில் நான் உங்களுக்கெல்லாம் சீனியர். நீங்கள் கதவைத்தான் மறைக்கிறீர்கள். நான் ஒரு ஹாலின் நடுப்பாகத்தையே மறைத்தவள். கணக்கும் டிராயிங்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதால் அதையெல்லாம் விட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இன்னொருவரிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, பாளையங்கோட்டையில் சொந்தமாகப் போர்டு மாட்டியிருந்தேன். பெண்பிள்ளை கட்டுகிற வீடு நிற்குமா என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டவர்கள், சார் வரலையா என்று கேட்பார்கள். எந்த சார் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த வாயினாலேயே வேலை குறைவு. அப்போதுதான் ஒரு பல் டாக்டர் என்னைத் தேடி வந்து, கொக்கிரகுளத்துப் பக்கம் ஆற்றைப் பார்த்து நிற்கும் தன் அப்பாவின் வீட்டைப் புதுப்பித்துத் தரவேண்டும் என்றார். முழுதாக எனக்கென்று கிடைத்த முதல் பெரிய வேலை அது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். டாக்டரின் அப்பா நிலபுலன் உள்ளவர். ஐம்பதுகளின் கடைசியில் பம்பாய்க்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், புது மோஸ்தரில் கட்டியிருந்த பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு, கல்யாணச் சாப்பாட்டையும் மறந்து அதன் வாசலிலேயே நின்றாராம். திரும்பி வந்ததும் அதே மாதிரி ஒன்றைக் கட்டினார். தட்டைக் கூரை, சாய்வான தூண்கள், ஆற்றுப் பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, பிடிமானமே இல்லாததுபோல் அந்தரத்தில் ஏறும் மாடிப்படி. எல்லாவற்றுக்கும் மேலே, நடுஹாலில் சதுரமாக ஒரு பள்ளம். நாலு படி இறங்கவேண்டும். சுற்றிலும் உட்காருவதற்குத் திண்டு, அடியில் பச்சை மொசைக். வெளிநாட்டில் அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் இப்படி இறங்கி உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம் வைப்பார்கள். திருநெல்வேலியில் அதற்குக் குழி என்பதைத் தவிர வேறு பெயர் கிடைக்கவில்லை.

டாக்டருக்கு ஓர் அண்ணன் உண்டு. ரயில்வேயில் பாலங்களைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மெட்ராஸில் இருந்தார். வீட்டில் பாதி அவருடையது. மதுரைக்காரர் ஒருவர் அதை வாங்கி, இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டுவதற்கு ஆசைப்பட்டார். தம்பிக்கு விற்க மனசில்லை. சரி, வீட்டை ஒழுங்கு பண்ணு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பிடித்தால் தன் பாகத்தைத் தம்பிக்கு எழுதிக்கொடுப்பார். பிடிக்காவிட்டால் மதுரைக்காரருக்குப் போய்விடும். அந்த ஒரு வாய்வார்த்தையை நம்பி டாக்டர் பதினாலு மாதம் வேலை நடத்தினார். ஒரு பல்லைப் பிடுங்க நாலு தடவை யோசிக்கிற மனுஷன், வீட்டு விஷயத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், அண்ணனுக்கு அந்தக் குழியைக் கண்டால் ஆகாது. கட்டும்போதே நடுவீட்டில் குழி கூடாது என்று அப்பாவோடு சண்டை போட்டவர். பிறகு பசுமாடு செத்தது, வயல் வழக்கு தோற்றது, டாக்டர் காலேஜில் ஒரு பரீட்சை கோட்டைவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவரிடமிருந்து குழியைக் காரணம் காட்டிக் கடிதம் வந்திருக்கிறது. டாக்டர் அதையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். பையை என்னிடம் கொடுத்து, குழியை மண் போட்டு மூடிவிடலாமே என்று முதல் மாதமே கெஞ்சினார். குழியை மூடுவதானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வீட்டில் அதுதான் உயிர் என்று எனக்குப் பட்டது. ஒரு வருடம் அவரோடு மல்லுக்கட்டிக் குழியைக் காப்பாற்றினேன். உடைந்த மொசைக்குக்கு அதே பச்சை நிறம் கிடைக்க எங்கெங்கோ ஆள் அனுப்பினேன்.

இவ்வளவு வீரம் பேசியவள், வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த மஞ்சள் பையைத் திறந்து கடிதங்களைப் படித்துத் தொலைத்தேன். பதினோரு கடிதம். பதினொன்றிலும் குழிதான் குற்றவாளி. அடுத்த நாள் டாக்டரிடம் நானே போய், உங்கள் அண்ணாச்சி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் குழி மேல் பலகை அடுக்கி ஜமுக்காளம் விரித்துவிடலாமா என்று கேட்டேன். கேட்டது நான். அவர் அல்ல. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தச்சர் வந்து பலகையை இழைத்துப் பொருத்தினார். அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் பத்தமடைப் பாய், நடுவில் ஒரு டீப்பாய், டீப்பாய் மேல் பூச்சாடி. குழி இருந்த சுவடே தெரியவில்லை. நன்றாகத்தான் செய்திருந்தோம்.

பால்காய்ப்புக்குச் சமைக்க ஏரலிலிருந்து ஒரு தவசுப்பிள்ளை மூன்று நாள் முன்னதாகவே வந்து இறங்கினார். சைவச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கூடவே ஒரு வேன் நிறைய வாழைத்தார், எல்லாம் பச்சைக் காய். இதையெல்லாம் எங்கே வைக்க என்று என்னிடம் வந்து கேட்டார். நான் கண்ணாடிக்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கே வேண்டுமானாலும் வையும், தரையில் ஒரு சொட்டு வாழைக்கறை விழக்கூடாது, வெளியே யார் கண்ணிலும் படக்கூடாது என்று கையை வீசிச் சொல்லிவிட்டு, அதோடு அதை மறந்துவிட்டேன்.

அண்ணாச்சி வருகிற அன்று காலையில் நான் வெள்ளெனப் போய் ஹாலைப் பார்த்தேன். பாயின் ஓரம் சற்றுப் புடைத்திருந்தது. தூக்கிப் பார்த்தால், பலகையின் நாலு ஓரத்திலும் ஈரச்சாக்கு திணித்திருந்தது. பெயிண்டர்கள் கை துடைத்துப் போட்டது என்று நினைத்துக்கொண்டு, அவர்களைத் திட்டியபடியே அத்தனையையும் உருவிக் கொல்லையில் எறிந்தேன். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் நான் அப்படி ஒரு கண்டிப்பு.

அண்ணாச்சி மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும். உயரம். முழங்கால் வலிக்காக ஒரு தடித்த கம்பு வைத்திருந்தார். அந்தக் கம்பு நடப்பதற்கு மட்டும் இல்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. சாய்வான தூணைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த தூணைத் தட்டினார். முப்பத்தைந்து வருடம் பாலங்களைத் தட்டிப் பார்த்த பழக்கம் என்று டாக்டர் என் காதில் சொன்னார்.

ஹாலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று, பக்கவாட்டு வழியாக அழைத்துப்போனேன். சாப்பாட்டு அறையைத் தட்டினார். பச்சை டைல்ஸ் போட்ட குளியலறையைத் தட்டினார். சுவரோடு சேர்ந்த தேக்கு அலமாரியைத் திறந்து உள்ளேயும் தட்டினார். எல்லாவற்றுக்கும் ம் என்ற ஒரு சத்தம்தான் பதில். மாடிப்படியில் ஏறும்போது முழங்கால் வலியில் நின்று நின்று ஏறினார். மேலே போய் ஆற்றைப் பார்த்தார். அப்போதும் ம்தான், ஆனால் சற்று நீளமாக வந்தது. டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். டாக்டர் வீட்டம்மா, அதாவது அவர் மனைவி, இதுவரை பார்த்தது போதும், காபி குடிக்கலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை. ஹாலைப் பார்க்கவேண்டும் என்றார்.

ஹாலுக்குள் நுழைந்ததும் நான் கண்ணாடியைக் காட்டி மழைத் தண்ணீர் உள்ளே வராமல் எப்படிச் செய்திருக்கிறது என்று நிறுத்தாமல் பேசினேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரே நடுவுக்கு நடந்து வந்து பாயின் மேல் கம்பால் ஒரு தட்டுத் தட்டினார். டங்கு என்று ஒரு சத்தம். எனக்கே அது கோயில் முரசு மாதிரி கேட்டது. இன்னொரு தட்டு.

"ஏம்மா, இது கீழ காலியால்லா இருக்கு?" என்றார்.

வேறு எவளாக இருந்தாலும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பாள். "தரைக்குக் காத்தோட்டம் விட்டிருக்கு அண்ணாச்சி," என்றேன் நான்.

சொல்லி வாய் மூடவில்லை. பாயின் ஓரத்திலிருந்து ஒரு கோடு புகை மெல்ல எழுந்து, பூச்சாடியைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. பின்னாலேயே இன்னொரு கோடு. அண்ணாச்சி அது கூரைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

"காத்தோட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். குழியின் திண்டுக்கு அடியில் விளக்குகளுக்காக நான் புதிதாக வயர் இழுத்திருந்தேன். அதுதான் எரிகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பலகைக்கு அடியில் தீ. உடனே பலகையைத் தூக்கவேண்டும். தூக்கினால் குழி தெரியும், என் பொய் தெரியும், வீடு மதுரைக்காரருக்குப் போகும். தூக்காவிட்டால் வீடே போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் நான் யோசித்தேன். பொறியியல் படித்தவள், மனுஷர்கள் நிற்கிற ஹாலில் புகையைப் பார்த்துக்கொண்டே, இதை எப்படிச் சமாளிக்கலாம் என்று யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போதாததற்கு, மெயின் போர்டு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கலாமா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வராந்தாவுக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன். மின்விசிறிகள் நின்றன. திரும்பி வந்தால், விசிறிக் காற்று கலைத்துக்கொண்டிருந்த புகை இப்போது கலைக்க ஆளில்லாமல் முன்னைவிடத் தடித்து நின்றது. டாக்டர் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி டம்ளரோடு வாசலில் அப்படியே நின்றார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. "எல்லாரும் வெளிய போங்க," என்றேன். "இது காத்தோட்டம் இல்ல அண்ணாச்சி. கீழ குழிதான் இருக்கு. பலகையப் போட்டு மூடச் சொன்னது நான். தீப்பிடிச்சிருக்குன்னு நெனைக்கேன்."

அண்ணாச்சி வெளியே போகவில்லை. கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு, டீப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். நானும் டாக்டரும் பாயை இழுத்தோம், ஜமுக்காளத்தை இழுத்தோம், முதல் பலகையைத் தூக்கினோம். குப்பென்று புகை மூவர் முகத்திலும் அடித்தது. கண்ணீர் வழிய, மூன்று பலகையை எடுத்த பிறகு உள்ளே பார்த்தேன். தீ இல்லை. என் பச்சை மொசைக்கின் மேல் வாழைச்சருகு கனமாகப் பரப்பி, அதன்மேல் முப்பது வாழைத்தார் நிமிர்ந்து நின்றன. பாதி மஞ்சள், பாதி பச்சை. மூலையில் ஒரு மண்கலயத்தில் உமி கங்காகப் புகைந்துகொண்டிருந்தது.

புகை வாசம் பிடித்துக்கொண்டு தவசுப்பிள்ளை கொல்லையிலிருந்து ஓடிவந்தார். எங்கள் மூன்று பேரையும், அகற்றிய பலகைகளையும் பார்த்தார். அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே.

"யாரு தொறக்கச் சொன்னா? சாயந்திரம் வரைக்கும் மூட்டம் கெடந்தாத்தான காலையில பழமாயிருக்கும். யாரோ ஓரத்துச் சாக்க வேற உருவிப் போட்டிருக்காவ. புகை பின்ன வெளிய வராம என்ன செய்யும்?"

இது ஹால் என்று நான் சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பாயைச் சுருட்டினால் கீழே பலகையும் குழியும் இருந்தது என்றும், தங்கள் ஊர் வாழை மண்டியில் காயைப் பழுக்கப் போடுவதற்கு இப்படித்தான் குழி வெட்டிப் பலகை போட்டு மூடி வைத்திருப்பார்கள் என்றும், இது அதைவிட வசதி, தாரை இறக்குவதற்குப் படிகூடக் கட்டியிருக்கிறது, கட்டினவர் விவரம் தெரிந்தவர் என்றும் விளக்கினார். தரையில் கறை படாமல் சருகு பரப்பியதையும், யார் கண்ணிலும் படாமல் வைத்ததையும் எனக்கு நினைவுபடுத்தினார். அந்தப் பதினாலு மாதத்தில் அந்தக் குழியை மனமாரப் புகழ்ந்த முதல் ஆள் அவர்தான்.

அண்ணாச்சி கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா, புகையா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, எதற்காக மூடினீர்கள் என்று கேட்டார். உங்கள் கடிதங்களைப் படித்துப் பயந்துவிட்டேன் என்றேன்.

"இப்பவும் சொல்லுதேன். நடுவீட்ல குழி ஆகாது," என்றார்.

அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. போனது போனதுதான் என்றானதும் எனக்குப் பயம் விட்டுப்போய், என் பழைய வாய் திரும்பி வந்தது.

"ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி. ஆனா இந்த வீட்லயே நல்ல இடம் இதுதான். அத மூடுனதுதான் நான் செஞ்ச தப்பு. ஒரு தடவ எறங்கி உக்காந்து பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க."

டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. தவசுப்பிள்ளையின் ஆட்கள் தார்களை வெளியே தூக்கினார்கள். சருகைக் கூட்டினார்கள். அண்ணாச்சி தவசுப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அடியில் போய், திண்டில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். மடக்கினார். மறுபடி நீட்டினார்.

தவசுப்பிள்ளை, நன்றாகப் பழுத்த ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தார். நாளைய சமையலுக்குக் காய் நறுக்க வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் இடம் காலியானதைப் பார்த்ததும், பூசணிக்காயும் அரிவாள்மணையுமாகக் குழிக்குள் இறங்கி, எதிர்த் திண்டில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஒரு அத்தை, அண்ணாச்சியின் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

பிறகுதான் டாக்டர் சொல்லி எனக்குத் தெரியும். நாலைந்து வருடமாக அண்ணாச்சியால் தரையில் உட்கார முடியாது. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எல்லோரும் கீழே கூட்டமாக உட்கார்ந்து சிரிக்க, அவருக்கு மட்டும் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்களாம். அதனாலேயே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தாராம். அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். எழும்போது நாலு ஆள் பிடிக்கவேண்டியிருந்தது. மேலே வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். குழியைக் கம்பால் காட்டினார்.

"பிடிச்சு எறங்க ஒரு கம்பி போடணும். நாளைக்குள்ள முடியுமா?"

முடியும் என்றேன். பத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். கையெழுத்தை அவர் குழிப் படியில் உட்கார்ந்து போட்டார் என்று ஊரில் சொல்வார்கள். பொய். சாப்பாட்டு மேஜையில்தான் போட்டார். வாழைப்பழப் பிசுக்கு ஒட்டிய விரல் தடம் மட்டும் பத்திரத்தில் உண்டு.

மறுநாள் ஹோமப் புகைக்கு முன்னால் கம்பி மாட்டியாகிவிட்டது. மொசைக்கில் கலயம் இருந்த மூலையில் ஒரு கருப்பு வட்டம் விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மாற்றித் தருகிறேன் என்றேன். டாக்டர் விடவில்லை. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அவர் முதலில் காட்டுவது ஆற்றையும் அல்ல, அந்தரப் படிக்கட்டையும் அல்ல. அந்தக் கருப்பு வட்டத்தை. காட்டிவிட்டு என் பெயரையும் சொல்வார். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு நான் வாழைத்தார் இஞ்சினியரம்மாதான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் எனக்கு வேலை வந்தது என்று தெரிந்தபிறகு கோபம் போய்விட்டது.

அதற்குப் பின் எந்த வீட்டைச் சுற்றிக் காட்டினாலும், எனக்குப் பயமாக இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் அழைத்துப்போனேன். திட்டு விழும். விழுந்த பிறகு மற்ற அறைகளை நிம்மதியாகக் காட்டலாம். நீங்களும் செய்து பாருங்கள்.

அண்ணாச்சி அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தார். ஒரு வருடம் நானும் போயிருந்தேன். கம்பியைப் பிடித்து இறங்கி, திண்டில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சுற்றி ஏழெட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேச்சு என்று கிட்டே போய்க் கேட்டேன்.

"நான் அப்பமே அப்பாகிட்ட சொன்னேன், நடுவீட்ல குழி ஆகாதுன்னு. யாரு கேக்கா?"

அப்படியானால் மேலே ஒரு நாற்காலி போடட்டுமா என்று அந்த அத்தை கேட்டாள். வேண்டாம், இங்கனயே இருக்கேன் என்றார்.